ஜீப் இருக்கைக்குச் சூடு: ஹெட்லைட் ஒயரை விட்டுவிடுங்கள்

கேள்வி: நீலகிரியில் எமரால்டு பக்கம் கேரட், உருளைக்கிழங்கு விவசாயம் செய்கிறேன். என்னிடம் இருப்பது தார்ப்பாய்க் கூரை போட்ட பழைய டீசல் ஜீப். அதிகாலை நான்கு மணிக்குத் தோட்டத்து மண் பாதையில் இறங்கி, சரக்கு வண்டிக்குப் பின்னாலேயே மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவேன். அந்த நேரத்தில் ரெக்சின் இருக்கையில் உட்காரவே முடிவதில்லை. முன் இருக்கை இரண்டுக்கும் சூடேற்றும் கார்பன் விரிப்பு வாங்கினேன். பொருத்தியவர் ஹெட்லைட் ஒயரிலிருந்தே இணைப்பு கொடுத்தார். இருக்கையைப் போட்டால் விளக்கு மங்குகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு முறை போனதும் 30 ஆம்பியர் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது போவதில்லை. இப்படியே ஓட்டலாமா? பேட்டரி தாங்குமா? சர்க்கரை நோயுள்ள அம்மாவும் அடிக்கடி கூட வருவார். மழையில் நனைந்த இருக்கையை இதை வைத்தே காய வைக்கலாமா?

பதில்: முதலில் இருக்கை இணைப்பைப் பிரித்துவிட்டு, 30 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிப் பழைய 15-ஐ மறுபடியும் போடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. உங்கள் ஹெட்லைட் ஒயரின் கனத்துக்கு 15 ஆம்பியர் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 30 போட்டதால் ஒயர் தடித்துவிடவில்லை. தாங்காத மின்சாரம் ஓடும்போது தடுக்க ஆளில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இனி முதலில் உருகப்போவது டேஷ்போர்டுக்குள் ஓடும் ஒயரின் மேலுறை. ஃபியூஸ் போகவில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஓர் இருக்கைக்கு, அடியும் முதுகும் சேர்த்து, 12 வோல்ட்டில் 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் கிடைக்கும் விரிப்புகள் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் என்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது 12 வோல்ட் அல்ல, 14-ஐ ஒட்டி. சூடேற்றும் கம்பியில் வாட் என்பது வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப உயரும். எனவே அந்த 50 வாட் 13.8 வோல்ட்டில் 66 வாட் ஆகிவிடும். இரண்டு இருக்கைக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 ஆம்பியர். உங்கள் ஹெட்லைட் வழக்கமான 55 வாட் ஹாலஜன் பல்புகள் என்றால் அவை இரண்டும் கேட்பது 8, 9 ஆம்பியர். இரண்டையும் ஒரே ஒயரில் ஏற்றினால் 15 ஆம்பியர் ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்? விளக்கு மங்குவதற்கும் இதுவே காரணம். கொண்டை ஊசி வளைவில், மூடுபனியில், பின்பக்கத்தின் கதகதப்புக்காக வெளிச்சத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

ஆகவே இருக்கைக்குப் பேட்டரியிலிருந்தே தனி வழி போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) ஒயர். வீட்டு ஒயரிங்கில் மிச்சமானது வேண்டாம். நுண்ணிழைகள் நிறைந்த வாகன ஒயராக வாங்குங்கள், கல் பாதையின் அதிர்வில் அதுதான் முறியாமல் நிற்கும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மூடியுள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ். பலர் ஃபியூஸை இருக்கைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால், வழியில் எங்காவது ஒயர் உரசி பாடியைத் தொட்டால் பேட்டரியின் மொத்த வலுவும் அந்த இடத்தில் இறங்கும்; ஃபியூஸுக்குச் செய்தியே போகாது.

ஃபியூஸைத் தாண்டி நான்கு முனை ரிலே ஒன்று; சிறு மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. 30 என்று எழுதிய முனைக்கு ஃபியூஸிலிருந்து வரும் ஒயர். 87-இலிருந்து இரண்டு இருக்கைக்கும் தனித்தனிச் சுவிட்சுகளுக்கு. 86-க்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் மெல்லிய ஒயர், அதற்கும் சிறிய ஃபியூஸ் ஒன்று. 85 எர்த்துக்கு. ரிலேயை டேஷ்போர்டுக்கு அடியில் உயரமான இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். தார்ப்பாய் ஜீப்பில் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த தண்ணீர் தேங்காமல் வடிந்துவிட வேண்டும். 87-இலிருந்து ஒவ்வோர் இருக்கைக்கும் பிரியும் ஒயர் 1.5 ஸ்கொயர் போதும்.

எர்த் விஷயத்தில் சோம்பல் கூடாது. பழைய ஜீப்பின் பாடி, மலை ஈரத்தில் ஊறி உள்ளுக்குள் துருவேறியிருக்கும். கையில் கிடைத்த போல்ட்டில் எர்த் கொடுத்தால் அந்தத் துருவே ஒரு குட்டி அடுப்பாகிவிடும். திரும்பும் ஒயரையும் 2.5 ஸ்கொயரில் பேட்டரியின் நெகட்டிவ் வரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள். கூடுதல் செலவு சில மீட்டர் ஒயர்தான்.

இன்னொன்று. சில பழைய ஜீப்புகளில் டீசல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். உங்களுடையதும் அப்படி என்றால் அந்தப் பக்கத்தில் ஒயர் மூட்டு எதுவும் வேண்டாம். ஒயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, தகடு துளையுள்ள இடங்களில் ரப்பர் வளையம் போட்டு, இருக்கை முன்னும் பின்னும் நகர்ந்தால் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். எலிகளையும் மறக்க வேண்டாம். குளிர்கால இரவில் என்ஜின் சூட்டுக்கு வந்து ஒதுங்கும் எலி, சும்மா இருக்கும் நேரத்தில் ஒயரைக் கடிக்கும். மாதம் ஒருமுறை பேனட்டைத் திறந்து பாருங்கள்.

விரிப்பை ஏற்கெனவே பொருத்திவிட்டீர்கள். இருந்தாலும் ரெக்சினைக் கழற்றி ஒருமுறை பார்க்கச் சொல்வேன். விரிப்பு மடிந்திருக்கக் கூடாது, இருக்கையின் தையல் பள்ளத்தில் சுருங்கி நிற்கக் கூடாது. மடிந்த இடத்தில் சூடு சேர்ந்து ஸ்பஞ்ச் கருகும். மல்டிமீட்டரை வைத்து ஓம் (மின்தடை) பாருங்கள்: 50 வாட் இருக்கைக்கு மூன்று ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒருவரை உட்கார வைத்து, அசையச் சொல்லி, மறுபடியும் அளந்து பாருங்கள். எண் தாவினால் உள்ளே எங்கோ முறிவு இருக்கிறது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. ரெக்சினைத் தைப்பதற்கு முன் கால் மணி நேரம் சூடேற்றி, உள்ளங்கையால் முழுவதும் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் அதை அப்படியே மூடிவிடாதீர்கள்.

பேட்டரி தாங்குமா என்றால், என்ஜின் ஓடும்வரை தாங்கும். உங்கள் பழைய டீசல் என்ஜினுக்கு ஓடுவதற்கென்று பெரிதாக மின்சாரம் தேவையில்லை. அந்த மிச்சம் இருக்கைக்கு உதவும். ஆனால் என்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் முழு வலுவையும் தருவது என்ஜின் வேகமெடுத்த பிறகுதான். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது, ஹெட்லைட், வைப்பர், இரண்டு இருக்கை எல்லாம் ஒன்றாக ஓடினால் பேட்டரி கைக்காசை எடுத்துச் செலவு செய்ய ஆரம்பித்துவிடும். மண்டியில் ஏலம் தொடங்கும்வரை வண்டியை நிறுத்திவிட்டு இருக்கையைப் போட்டுத் தூங்கினால் இரண்டு மணி நேரத்தில் 15 முதல் 20 ஆம்பியர்-மணி போய்விடும். வயதான பேட்டரிக்குக் குளிரில் ஏற்கெனவே வலு குறைவு. அதற்கு மேல் ஸ்டார்ட்டர் சுற்ற எதுவும் மிஞ்சாது. உங்கள் ஜீப் கம்பியை இழுத்து என்ஜினை நிறுத்தும் ரகமா? அப்படியானால் கூடுதல் கவனம் தேவை. கம்பியை இழுத்ததும் என்ஜின் நின்றுவிடும், சாவி மட்டும் திரும்பாமல் கிடக்கும், ரிலேயும் விடாது. சுவிட்சில் எரியும் சிறு விளக்கை உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் என்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக் வேலை முடிந்து என்ஜின் ஓடிய பிறகே இருக்கையைப் போடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் அதிகச் சூடு, பிறகு குறைந்த சூடு. தடித்த கம்பளியை மேலே விரிக்காதீர்கள். சூடு உங்களிடம் வராமல் விரிப்பிலேயே தங்கும். தார்ப்பாய் ஜீப்புக்கு இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். காற்றைச் சூடாக்கினால் அது கூரை இடுக்கு வழியாக அவலாஞ்சிப் பக்கம் போய்விடும். இருக்கைச் சூடு உடம்பில் நேராக ஏறுகிறது. டிசம்பரில் நீர்ப்பனி போய் உறைபனி தொடங்கியதும் இதன் அருமை தெரியும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். சர்க்கரை நோய் நாள்பட்டால் நரம்பு மரத்து, சூடு உறைக்காமல் போகலாம். 44 டிகிரி என்பது கை வைத்தால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சூடு ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் தோல் வெந்துபோகும் என்று 1947-இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வெப்பம் கூடினால் இந்த நேரம் மளமளவென்று குறையும். மலிவான விரிப்பின் வெப்பக்கட்டுப்பாட்டை நம்பி அவரை உட்கார வைக்காதீர்கள். கிளம்பும் முன் பத்து நிமிடம் இருக்கையைச் சூடேற்றிவிட்டு, அவர் ஏறும்போது அந்தப் பக்கச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் ஸ்பஞ்சில் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பு நிற்கும். மேலே ஒரு சால்வை போதும். இரண்டு இருக்கைக்கும் தனித்தனிச் சுவிட்ச் வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

நனைந்த இருக்கையை இதை வைத்துக் காய வைக்க வேண்டாம். ஸ்பஞ்ச் குடித்த தண்ணீர் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் ரெக்சினுக்குள்ளேயே சுற்றி, விரிப்பின் ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். இருக்கையைக் கழற்றும்போது பிரிக்க வசதியாக ஒயரில் ஒரு பிளக் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் வரும் நாளில் இருக்கையை எடுத்துத் திண்ணையில் சாய்த்து வையுங்கள்.