கெப்பின் (பிக்கப்பின்) பின் பல்பு மூன்று தடவை போனது பற்றி

தம்பி, தூத்துக்குடியிலிருந்து வந்து வத்தளையில் சரக்கு ஓட்டுகிறீர்கள், இரண்டு மாதத்துக்குள் பிக்கப்பின் இடப்பக்கப் பின் பல்பு மூன்று தடவை போய்விட்டது, பிரேக் மிதித்தால் அந்தப் பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது, கராஜில் முழு வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நான் கொழும்புக்கு வந்த முதல் வருஷம் இதே பேச்சை நம்பி ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். மறுவாரமே பழைய கதை. கடைசியில் பார்த்தால், விளக்குக்குப் பின்னால் துருப்பிடித்த ஒரே ஒரு எர்த் ஸ்க்ரூ, அதாவது விளக்கின் எர்த் வயரை வண்டியின் இரும்போடு சேர்க்கும் ஸ்க்ரூ.

பிரேக் மிதிக்கும்போது பக்கத்து விளக்கும் மினுங்கினால் முதல் சந்தேகம் எர்த்தின் மேல்தான். கரண்ட் திரும்பிப் போக நல்ல வழி இல்லாமல் அடுத்த பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது. ஒரு நீள வயரை எடுத்து ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையை பெயின்ட் இல்லாத சேசிஸ் இரும்பிலும் வைத்து, யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். இண்டிகேட்டர் மினுங்குவது நின்றால் கோளாறு அதுதான். ஸ்க்ரூவைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இங்கே கடல் காற்று, துரு சீக்கிரம் ஏறும்.

ஆனால் எர்த் கோளாறு பல்பைக் கொல்வதில்லை, அதற்கு வேறு காரணம் இருக்கும். கழற்றிய பல்பை வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. சூடான கண்ணாடியில் மழைத்தண்ணீர் பட்டு விரிசல் விட்டிருக்கலாம், அதனால் லென்ஸையும் ஓரத்து ரப்பரையும் பாருங்கள். வெளுக்காமல் இழை மட்டும் அறுந்திருந்தால், ஹோல்டர் ஆடுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஆனால் அப்படியிருந்தால் ஒரு மூலையோடு நிற்காது, மற்ற பல்புகளும் போகும்.

பல்பு வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், மருதானைக்குப் பக்கம், உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கும். பழைய பல்பைக் கையில் கொண்டுபோங்கள். பிரேக்கும் பார்க் லைட்டும் ஒரே பல்பில் எரிந்தால் பெரும்பாலும் 12 வோல்ட், 21/5 வாட், உள்ளே இரண்டு இழை. பக்கத்து ஊசி இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, நுழையவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், அழுத்தாதீர்கள். மொழிக்கு பயப்பட வேண்டாம். பிக்கப் என்றால் சிலருக்குப் புரியாது, இங்கே அது கெப். 'பல்ப் எக்க பிச்சிலா' என்றால் பல்பு எரிந்துபோய்விட்டது என்று அர்த்தம், அது போதும். அங்கே தமிழ் பேசும் கடைக்காரர்களும் உண்டு. வயரிங் பாஸிடம் (வயரிங் மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) போக நேர்ந்தாலும் 'எர்த்தை மட்டும் பாருங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரியாகும்வரை இருட்டில் நீர்கொழும்பு ரோட்டில் ஓட்டாதீர்கள், பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்கள் வண்டி தெரியாது. எர்த் சரிசெய்த பிறகும் பல்பு போனால் அந்தப் பல்பைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.