ஆணின் வாலைப் பார்த்து வாங்காதீர்கள்: கப்பி மீன் கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைனில் 'ஃபுல் ரெட் அல்பினோ, பியூர் லைன்' என்று போட்டிருந்த ஒரு ஜோடி கப்பி வாங்கினேன். வந்த 12-ஆம் நாள் பெண் மீன் 18 குட்டி போட்டது. எல்லாவற்றுக்கும் கறுப்புக் கண். இப்போது நிறமும் கலப்படமாக வருகிறது. விற்றவரைக் கேட்டால், "கப்பியில் இப்படித்தான் வரும், உங்கள் தண்ணீர் சரியில்லை" என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. தண்ணீரால் நிறம் மங்கலாம், கண் கறுக்காது. அல்பினோ என்றால் கறுப்பு நிறமி இல்லாத சிவப்புக் கண் மீன். அது ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். தாய், தகப்பன் இரண்டுக்கும் ஒரே வகைச் சிவப்புக் கண் இருந்தால் குட்டி அத்தனைக்கும் சிவப்புக் கண்தான் வரும்.

உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அந்த 12 நாள். கப்பி சினையாகிக் குட்டி போட மூன்று முதல் நாலரை வாரம் ஆகும். ஆகவே உங்கள் வீட்டுக்கு வரும்போதே அந்தப் பெண் சினை. அது சேர்ந்தது விற்றவரின் தொட்டியில் இருந்த ஆணோடு, அந்த ஆண் அல்பினோ இல்லை.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஜோடியில் ஒன்று அல்பினோ, மற்றது லுடினோ என்ற வேறொரு சிவப்புக் கண் வகையாக இருக்கலாம். இரண்டு மீனையும் வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் கண்ணைப் பாருங்கள். அல்பினோவுக்குக் கண்மணி பளிச்சென்று இளஞ்சிவப்பாகத் தெரியும். லுடினோவுக்குத் திராட்சை ரசம் போல இருண்ட சிவப்பு. வெளிச்சம் ஒரு கோணத்தில் பட்டால்தான் சிவப்பென்றே தெரியும். இரண்டும் வெவ்வேறு மரபணு. அல்பினோவையும் லுடினோவையும் ஜோடி சேர்த்தால் குட்டி எல்லாம் கறுப்புக் கண்ணோடு பிறக்கும். கடைகளில் இரண்டையும் 'ரெட் ஐ' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள்.

அடுத்த ஈற்றில் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் உடலிலேயே சேமித்து வைத்திருக்கும். ஆணே இல்லாமல் அடுத்தடுத்து குட்டி போடும். ஆகவே ரகத்துக்காக வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது "பெண் எந்தத் தொட்டியில் வளர்ந்தது?" என்பதைத்தான். ஆணோடு சேராத பெண் என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும். கிடைக்காவிட்டால், ஆண்கள் எல்லாம் அதே ரகமாக இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு ஆண், இரண்டு பெண் எடுங்கள். தனி ஜோடியாக வைத்தால் ஆண் துரத்தியே பெண்ணை நோகடித்துவிடும்.

கேள்வி: சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் நேரில் வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் எதைப் பார்ப்பது?

பதில்: பெரிய வால் உள்ள ஆணைத்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். கப்பியின் ஆயுளே ஏறக்குறைய இரண்டு வருடம். தொட்டியிலேயே பெரிய வால் என்றால் பெரும்பாலும் அதுதான் அங்கே கிழவன். மூன்று, நான்கு மாத வயதில், வால் இன்னும் முழுதாக விரியாத ஆணை எடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்று ஒன்றும் நடக்கிறது. ஆண்மை ஹார்மோன் கலந்த தீனி கொடுத்தால், ஒரு மாதக் குட்டியே முழு நிறம் காட்டும். பெண்ணுக்கும் ஆணின் நிறம் ஏறும். அப்படிப்பட்ட மீன் பலசமயம் இனப்பெருக்கத்துக்கு உதவாது. உடல் பொடிசாக இருந்து நிறம் மட்டும் முற்றியிருந்தால் விட்டுவிடுங்கள்.

நீல விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் தொட்டியைப் பாருங்கள். துடுப்பை மடக்கிக்கொண்டு மேல்மட்டத்தில் ஆடுகிற மீன், வயிறு ஒட்டிய மீன், முதுகு வளைந்த மீன், வாயோரம் வெள்ளைப் பூச்சு படிந்த மீன் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். மலத்துளையில் சிவப்பு நூல் போல நீட்டிக்கொண்டிருந்தால் அது கமலனஸ் புழு. உப்புப் போட்டால் போகாது, லெவாமிசோல் மருந்துதான் வேண்டும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையைப் போடுகிற கடை என்றால், தள்ளியிருக்கும் தொட்டியும் அதே தொட்டிதான்.

கிளம்பும் முன் கடைத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்ஓ கேன் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் ஃபில்டர் ஓடவிட்டுத்தான் மீனை விட்டேன். வாரத்துக்குள் பத்தில் ஏழு செத்துவிட்டது. கடைக்காரர் மீண்டும் மருந்து வாங்கச் சொல்கிறார்.

பதில்: மருந்தை வாங்காதீர்கள். கேன் காசும் வீண். நமக்கு நல்ல தண்ணீர் கப்பிக்கு நல்ல தண்ணீர் இல்லை. அதற்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர் வேண்டும், பிஎச் 7 முதல் 8 வரை, வெப்பம் 24 முதல் 28 டிகிரி. நீங்கள் குடிக்க முடியாது என்று ஒதுக்கும் போர் தண்ணீரில் அது செழிப்பாக இருக்கும். டிடிஎஸ் 600-இல் வளர்ந்த மீனை 50-இல் தூக்கிப் போட்டால் உடம்பு தாங்காது. போர் தண்ணீர் கடலோர உப்பாக இருந்தால் மட்டும் குழாய்த் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது தவறு அந்த இரண்டு நாள். ஃபில்டர் ஓடுவது வேறு, ஃபில்டரில் பாக்டீரியா குடியேறுவது வேறு. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா போதிய அளவு வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பான்ஜ் ஒன்று கிடைத்தால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். மருந்துக்குப் போகும் காசில் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள். அளவு பூஜ்ஜியத்துக்கு மேல் காட்டினால் தீனியை நிறுத்தி, கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.

பையைத் திறக்கும் விதத்திலும் மீன் சாகும். கட்டிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயுவால் பிஎச் இறங்கியிருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. திறந்ததும் அந்த வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகிவிடும். ஆகவே பையைத் திறக்காமலே 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு திறந்து, உடனே மீனை வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மணிக்கணக்கில் பையிலேயே வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது தூரத்திலிருந்து வந்த மீனுக்கு ஆபத்து. டிடிஎஸ் வித்தியாசத்தை மீன் வருவதற்கு முன்பே தொட்டியில் சரிசெய்துவிட வேண்டும்.

கேள்வி: பஸ் பார்சலில் வந்த பையில் பாதி மீன் செத்திருந்தது. 'உயிருக்கு உத்தரவாதமில்லை' என்று முன்பே எழுதியிருந்தோம் என்கிறார்கள். பணம் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். பையைப் பிரிக்கும் முன்பிருந்து வெட்டாமல் எடுத்த வீடியோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது மூன்றும் வேண்டும். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லக் கூடாது. முதல் கேள்வி கேட்டவருக்கும் இது பொருந்தும். ஆனால் வீட்டில் மிஞ்சிய மீனை எப்போதாவது விற்கும் தனிநபரை அந்த விதிகள் கட்டுப்படுத்தாது.

முதலில் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 500 ரூபாய் மீனுக்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். பலசமயம் 1915 புகார் எண்ணைச் சொன்னாலே பேச்சின் தொனி மாறும்.

கேள்வி: பிரீடிங் பாக்ஸ் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சின்னப் பெட்டியில் அடைத்தால் சினைப் பெண் மிரண்டு, செத்த குட்டி போடக்கூடும். ஹார்ன்வார்ட்டோ ஜாவா மாஸோ, ஏதாவது ஒரு நீர்ச்செடி ஒரு கைப்பிடி வாங்கி 20 லிட்டர் தொட்டியில் அடர்த்தியாகப் போட்டு, பெண்ணை விடுங்கள். குட்டி போட்டதும் தாயை எடுத்துவிடுங்கள்.

மிச்சப் பணத்துக்குக் குட்டிகளின் தீனிக்காக ஆர்டிமியா (பொடி உப்புநீர் இறால்) முட்டை, அதுவும் சின்னப் பாக்கெட். திறந்து வைத்தால் பொரிப்பது குறைந்துகொண்டே போகும், ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு, அரை டீஸ்பூன் முட்டை, அடியிலிருந்து பலமான காற்று. 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரித்தவை ஆரஞ்சு நிறத்தில் கீழே வெளிச்சத்தை நோக்கிக் கூடும். குழாயில் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு கலந்தால் குட்டியின் குடலை அடைக்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் குட்டிகளின் அடித்துடுப்பைப் பாருங்கள். விசிறி போல இருந்தால் பெண். குச்சியாகக் கூர்மையாகத் தொடங்கினால் ஆண், அன்றைக்கே பிரித்துவிடுங்கள். தாமதித்தால் முதல் கேள்விக்காரரின் கதைதான்.