ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு அரசு உதவி: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களிலிருந்தும் புதுக்கோட்டைப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால், அவற்றைச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து: "எங்கள் கபடிக் குழு பல வருஷமாக ஆடுகிறது. பதிவு செய்யவில்லை. அரசு மானியம் கிடைக்குமா?"

பணமாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊர்க் கழகத்தின் வங்கிக் கணக்கில் அரசு ஆண்டுதோறும் பணம் போடும் என்று நம்பிப் பல இளைஞர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். 1992இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நிதி முக்கியமாக அரங்கங்களுக்கும், பயிற்சிக்கும், சாதித்த வீரர்களுக்கும் போகிறது. உங்களைப் போன்ற குழுவுக்கு அரசிடமிருந்து வரக்கூடியவை இரண்டு: பொருள், இடம். அந்த இடமும் ஊராட்சியின் பெயரில்தான் இருக்கும், ஆடுவது நீங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, 2024இல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள். அதில் 33 வகைச் சாமான்கள் உண்டு. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அது பிரிக்கப்படாமல் கிடக்கிறதா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். பந்து பீரோவுக்குள் இருக்க, பிள்ளைகள் கிழிந்த பந்தை உதைத்துக்கொண்டிருப்பது மனசுக்கு வலிக்கிற விஷயம்.

இருந்தாலும் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். துணைவிதிகளை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்து, சங்கத்தின் பெயரிலேயே பான் அட்டையும் வங்கிக் கணக்கும் தொடங்குங்கள். அதன்பிறகு வருஷா வருஷம் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலான கழகங்கள் சறுக்குவது இங்கேதான். பதிவு செய்த உற்சாகம் அடுத்த வருஷம் இருப்பதில்லை. தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகம், ஆண்டுக் கணக்கு மூன்றும் ஒழுங்காக உள்ள கழகத்தைத்தான் எந்த அதிகாரியும் நம்புவார்.

தேவகோட்டையிலிருந்து: "ஊரில் கைப்பந்து மைதானம் போட வேண்டும். எந்தத் திட்டத்தில் கேட்பது?"

நம் பகுதிக்கு மிகப் பொருத்தமானது 'நமக்கு நாமே' திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால், மீதியை அரசு போடும். ஊருணி வெட்டவும் பள்ளிக்கூடம் கட்டவும் கொடுத்துப் பழகிய கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. பிறகு ஏன் இந்தத் திட்டத்தை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு உண்மையான ஆதங்கம். 9 லட்சம் ரூபாய் வேலைக்கு ஊரார் 3 லட்சம் திரட்டினால் போதும்.

கிராம ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. கூட்டத்துக்கு முன்பே பொருளை எழுத்தில் கொடுத்து, தீர்மான நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பீடு தயாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி தொகுதி மேம்பாட்டு நிதி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. அவர் பரிந்துரைப்பார்; வேலையைச் செய்வது மாவட்ட நிர்வாகம். "எம்.எல்.ஏ. பணம் தருவதாகச் சொன்னார், இன்னும் கணக்கில் வரவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கழகத்தின் கணக்குக்கு ஒருநாளும் வராது. எந்த வேலைக்குப் பரிந்துரைத்தார், கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இடத்தின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பந்து ஆடுகளம் 18க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15 ஆகும். நீளம் வடக்கு தெற்காக இருந்தால் சாயங்கால வெயில் ஆடுகிறவர் கண்ணில் அடிக்காது. இதை மதிப்பீட்டு வரைபடத்திலேயே சொல்லிவிடுங்கள். தளம் போட்டபிறகு திருப்ப முடியாது.

திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து: "கண்மாய் உள்வாயில்தான் ஆடுகிறோம். அங்கேயே நிரந்தர மைதானம் கேட்கலாமா?"

கூடாது. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டுமானம் கேட்டால் கோப்பு நகராது, நகரவும் கூடாது. தண்ணீர் வற்றிய மாதங்களில் ஆடுங்கள், ஆனால் நிரந்தர மைதானத்துக்கு வேறு இடம் தேடுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: "எங்கள் குடும்பத்து இடம் பூட்டிக்கிடக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் விளையாடக் கொடுக்க ஆசை. பங்காளிகள் பாதிப் பேர் வெளிநாட்டில்."

உங்கள் மனசுக்கு நன்றி. அரசு நிதி அந்த இடத்தில் செலவாக வேண்டுமென்றால், உள்ளாட்சி அமைப்பின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுங்கள். "ஆடிக்கொள்ளுங்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பி யாரும் தளம் போட மாட்டார்கள்.

பாத்தியதை உள்ள எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் பின்னால் வழக்கு வரும். வர முடியாதவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்று பெற்று அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தக் கெடுவை மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கிய குடும்பங்கள் உண்டு. கூடவே வாரிசுச் சான்று, பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பலர்: "சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் கழகத்துக்குப் பணம் அனுப்பலாமா?"

பணம் அனுப்புகிறவர் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதே கேள்வி. இந்தியக் குடிமகனாக அங்கே வேலை பார்க்கிறவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், நம் ஊரில் பிறந்தவரானாலும், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், அவர் தருவது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் கழகம் அதை வாங்கக் கூடாது. கபடி விரிப்பு, காலணி போன்ற பொருளாகக் கொடுத்தாலும் அதே சட்டம்தான்.

ஊரிலிருக்கும் உறவினர் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்பும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மாட்டிக்கொள்வது அனுப்பியவரல்ல, கையெழுத்துப் போட்ட செயலாளரும் பொருளாளரும்.

காரைக்குடியிலிருந்து: "கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கேட்கலாமா?"

கேட்கலாம். கிராமிய விளையாட்டுப் பயிற்சி, நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் பணத்தை வாங்கிச் செலவழிக்கும் அமைப்புக்கு வருமான வரித் துறையில் தொண்டு அமைப்புக்கான பதிவுகளும் (12ஏ, 80ஜி என்று சொல்லப்படுபவை), மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும், மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். புதுக் கழகத்துக்கு இது எட்டாது. இவை எல்லாம் உள்ள அறக்கட்டளையோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே நடைமுறையில் முடியும். "விளையாட்டை வளர்க்க" என்று எழுதாமல், எத்தனை பிள்ளைகளுக்கு, எந்தப் பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

"மனமகிழ் மன்றத்துக்கு மானியம் உண்டா?"

சீட்டாட்டமும் மதுக்கூடமும் நடக்கும் மன்றத்துக்கு நான் எந்த வழியும் காட்ட மாட்டேன். நூலகமும் இறகுப்பந்துத் தளமும் உள்ள பழைய மன்றம் என்றால், தளத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டு அந்தத் தீர்மானத்தோடு விண்ணப்பியுங்கள்.

"மஞ்சுவிரட்டு நடத்த?"

மானியத்துக்கு முன்னால் அனுமதி. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு விதிகள் மஞ்சுவிரட்டுக்கும் வடமாட்டுக்கும் பொருந்தும். மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து, தடுப்பு வேலி, மருத்துவக் குழு, கால்நடை மருத்துவர் எல்லாம் காட்ட வேண்டும். செலவை ஊரார்தான் ஏற்க வேண்டியிருக்கும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு மாணவி: "எங்களிடம் கழகமே இல்லை. நான் மட்டும் சிலம்பம் சுற்றுகிறேன்."

உங்களுக்குக் கழகம் தேவையில்லை, தங்கையே. மாநில அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கான அறிவிப்பு வந்ததும் பள்ளிப் பிரிவில் பெயரைப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். மேலே போகும்போது பயணச் செலவுக்கோ உபகரணத்துக்கோ பணம் தடையானால், 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்குத் தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம். சிவகங்கையிலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரை உங்கள் ஆசிரியரோடு ஒருமுறை நேரில் பாருங்கள்.