மல்லிகைப் பாத்தியில் பூனை: முதலில் மண்ணைப் பாருங்கள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்களுக்குத் தனி வீடு. வாசலில் சின்னப் பாத்தி போட்டு மல்லிகையும் கனகாம்பரமும் வைத்திருக்கிறோம். மாடியில் செடிப்பைகளில் கத்தரி, தக்காளி, கீரை. ஆறு மாதமாகத் தெருப் பூனைகள் பாத்தியிலும் பைகளிலும் மலம் கழித்துவிட்டுப் போகின்றன. கேட் தூணிலும் ஸ்கூட்டர் சீட்டிலும் அடிக்கிற மூத்திர நாற்றம் தாங்க முடியவில்லை. பினாயில் ஊற்றினோம், மிளகாய்ப்பொடி தூவினோம், நீலத் தண்ணீர் பாட்டிலும் வைத்துப் பார்த்தோம், பலனில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் பால் ஊற்றுகிறார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார். என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள். எலி மருந்து வைத்துவிடுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். என்னதான் செய்வது? – ஒரு வாசகி

பதில்: மகளைப் பற்றிய பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியதில் மற்றதெல்லாம் எரிச்சல், அது ஒன்றுதான் நிஜமான கவலை.

பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். ஆனால் எல்லாப் பூனையும் எந்நேரமும் அதை வெளியேற்றுவதில்லை. பெரும்பாலும் ஒரு பூனைக்கு முதல் தடவை தொற்றும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் அது மலத்தில் வரும். வந்த உடனேயும் அது தொற்றாது; தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை பிடிக்கும். அதனால் தினமும் காலையில் அள்ளிவிடுவதே பெரிய பாதுகாப்பு. அள்ளாமல் விட்டால் ஈர நிழலில் மாதக்கணக்கில் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். தண்ணீர் பாயும் மல்லிகைப் பாத்தி அதற்கு நல்ல இடம்.

அள்ளுகிற வேலையை மகள் செய்ய வேண்டாம். பிரசவம் வரை தோட்ட வேலையே அவளுக்கு வேண்டாம். நீங்கள் கையுறை போட்டு, மலத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளி, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். மலம் கிடந்த பையில் இப்போது இருக்கும் கீரையைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள், வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். பூனை வாசலில் நடந்துபோவதாலோ மகள் அதைப் பார்ப்பதாலோ எதுவும் தொற்றாது. சரியாக வேகாத கறியும் சரியாகக் கழுவாத கீரையும்தான் நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை. மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், ரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். சின்னக் குழந்தைகள் அந்த மண்ணில் வெறுங்காலோடு விளையாடினால் கொக்கிப்புழுவின் இளம்புழு தோலுக்குள் புகுந்து வளைந்து வளைந்து தடிப்பு ஏற்படுத்தும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி பூனைக்கு வருவோம். நீங்கள் சொல்வது ஒரு தொல்லை அல்ல, இரண்டு. பாத்தியிலும் பைகளிலும் நடப்பது மலம் கழிப்பது. கேட் தூணிலும் சீட்டிலும் நடப்பது வேறு. அது பெரும்பாலும் காயடிக்காத கடுவன் பூனையின் வேலை. அது குந்தி மூத்திரம் பெய்வதில்லை. வாலை நிமிர்த்தி, பின்புறத்தைத் தூணுக்குக் காட்டி, பின்னோக்கிப் பீய்ச்சும். பூனையின் மூக்கு உயரத்தில் சுவரிலோ தூணிலோ கறை இருந்து, நாற்றம் கண்ணைக் கரிக்கிற அளவுக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். இது என் இடம் என்று மற்றக் கடுவன்களுக்கு அது எழுதிவைக்கிற செய்தி. முதல் தொல்லைக்கு மருந்து மண்ணில் இருக்கிறது, இரண்டாவதற்கு அறுவை சிகிச்சையில். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலரும் மாதக்கணக்கில் பினாயில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பூனை உங்கள் மேல் வன்மம் வைத்து வருவதில்லை. மலத்தைத் தோண்டி மூட அதற்குப் பொலபொலவென்று காய்ந்த மண் வேண்டும். தெருவெல்லாம் சிமெண்ட் போட்டு, வீட்டைச் சுற்றி டைல்ஸ் ஒட்டிவிட்டோம். மிச்சமிருக்கும் மண் உங்கள் பாத்திதான். மாடிப் பைகளில் போடும் தென்னை நார்க்கழிவு இருக்கிறதே, அதை ஒரு பூனையே கேட்டு வாங்கியிருந்தாலும் அதைவிட நல்லதாகக் கிடைத்திருக்காது. மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சும், தோண்டச் சுலபம். பக்கத்தில் எங்கேயாவது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்களா? மணலோ எம்-சாண்டோ திறந்து கிடக்கிறதா? தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். பழகுகிற இடம் பெரும்பாலும் அதுதான். மணல் தீர்ந்ததும் அடுத்த மண்ணைத் தேடி உங்கள் வாசலுக்கு வரும்.

பாத்தியில் செய்ய வேண்டியது தோண்ட முடியாமல் செய்வது. கோழி வலையை வாங்கி, செடிகளுக்கு இடம் விட்டு வெட்டி, மண்ணின் மேல் பரப்பி, ஒரு விரல் கனத்துக்கு மண் போட்டு மூடுங்கள். வெட்டிய கம்பி நுனிகளை உள்பக்கமாக மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கையும் கிழியும், பூனையின் காலும் கிழியும். தண்ணீர் இறங்கும், மல்லிகை வலைக்கண் வழியே துளிர்விடும், பூனையின் நகம் மட்டும் சிக்கும். இரண்டு மூன்று முறை தோண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வலை வேண்டாமென்றால் முக்கால் அங்குல ஜல்லியை நெருக்கமாகப் பரப்பலாம். மாடிப் பைகளுக்கு நான் எப்போதும் சொல்வது உரிமட்டை. தேங்காய் உரித்த மட்டையைத் துண்டாக்கி, செடியைச் சுற்றி இடைவெளி தெரியாமல் அடுக்குங்கள். நம்மூர் வெயிலில் ஈரமும் காயாது, தண்ணீரை எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு அது இரட்டை லாபம். விதை போட்டு முளைக்கும் வரை காலியாக இருக்கும் பைகள்தான் முதலில் மாட்டும், அவற்றின் மேல் பழைய கூடையைக் கவிழ்த்து வையுங்கள்.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. பாத்தியில் குப்பைமேனி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு, நம் முன்னோர் சும்மா வைத்த பெயர் இல்லை. அதன் வேர் வாசத்துக்குப் பூனைகள் சொக்கிப்போய்ப் புரளும். களை எடுத்து அங்கேயே போட்டுவிட்டுப் போனால் தெருப் பூனைக்கெல்லாம் அழைப்பு அனுப்பியது போலத்தான். பிடுங்கிய உடனே அப்புறப்படுத்துங்கள். அதை எறிய வேண்டாம், வேறு ஒரு வேலை இருக்கிறது.

இடத்தை அடைத்தால் மட்டும் போதாது, வேறு இடம் கொடுக்கவும் வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், ஆனால் பலன் தருவது இதுதான். ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையில், முடிந்தால் எதிர்வீட்டு அக்காவின் வீட்டுப் பக்கவாட்டில், இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் செங்கல் கட்டி, அரையடி ஆழத்துக்குக் காய்ந்த மணல் போடுங்கள். மேலே மழை படாமல் ஒரு தகரம். பூனை மலம் கொஞ்சத்தை முதல் நாள் அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள், பிடுங்கிய பூனைவணங்கியையும் வேரோடு போடுங்கள். அங்கே போகப் பழகிவிடும். தினமும் அள்ள வேண்டும், அழுக்கான மணலில் பூனை கால் வைக்காது, திரும்ப உங்கள் பாத்திக்குத்தான் வரும்.

அள்ளுவது யார்? அந்த அக்காதான். அவரிடம் புகாராகப் போகாதீர்கள். "அக்கா, பாப்பா மாசமா இருக்கா, எனக்குப் பயமா இருக்கு, நீங்கதான் உதவணும்" என்று போங்கள். வாயில்லா ஜீவனுக்குப் பால் ஊற்றுகிற மனசு கர்ப்பிணிக்கு இரங்காமல் போகாது. பாலை நிறுத்தச் சொல்லுங்கள், சோற்றை அல்ல. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். உங்கள் வாசல் இவ்வளவு மோசமாக நாறுவதற்கு அந்தப் பால் ஒரு காரணமாக இருக்கலாம். உப்புப் போடாமல் வேகவைத்த மீன் தலையும் சோறும் போதும். தினமும் ஒரே நேரத்தில் வைத்து, அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும். மிச்சம் கிடந்தால் அடுத்த தெருப் பூனையும் வரும், எலியும் வரும்.

அக்காவின் உதவி இன்னொன்றுக்கும் வேண்டும். கடுவனைப் பிடிக்க அவரால்தான் முடியும், அவர் கையில்தான் அது சாப்பிடுகிறது. கடுவனுக்குக் காயடித்துவிட்டால் பத்தில் ஒன்பது பூனைகள் பீய்ச்சுவதை நிறுத்தும் அல்லது வெகுவாகக் குறைக்கும். மறுநாளே நிற்காது, சில வாரம் பொறுக்க வேண்டும். சண்டையும் இரவு அலறலும்கூடக் குறையும். பெட்டைக்கும் சேர்த்துச் செய்யுங்கள். நான்கு ஐந்து மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும், சினைக்காலம் ஒன்பது வாரம்தான், வருடத்தில் இரண்டு மூன்று ஈடு போடும். ஒரு பெட்டையை விட்டுவைத்தால் அடுத்த வருடம் நீங்கள் இதே கேள்வியை எழுதுவீர்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் பூனைக்கு எந்த நாளில் செய்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். கருத்தடை செய்த பூனையின் காது நுனியை லேசாக வெட்டி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள், இரண்டாம் முறை யாரும் பிடித்துக்கொண்டு வர மாட்டார்கள். அதே நாளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுவிடலாம். பிடிக்கும்போது கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பூனை மூலமும் வெறிநோய் வரும்.

தூணையும் சீட்டையும் கழுவும் முறைதான் நீங்கள் தவறவிட்ட இடம். பினாயில் நாற்றத்தை மூடும், அழிக்காது. தன் வாசம் மறைந்த இடத்தில் கடுவன் மறுபடி வந்து பீய்ச்சும். அதோடு பினாயிலில் உள்ள சில பொருள்களைச் சிதைக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. காலில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். மகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே கூடாது. என்சைம் கலந்த சலவைத்தூள் கடையில் கிடைக்கும், உறையில் போட்டிருப்பார்கள். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, கறையில் ஊற்றி, 15 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். ஸ்கூட்டருக்கு இரவில் கவர் போட்டுவிடுங்கள்.

நீலத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடலாம். அதைக் கண்டு பயப்பட பூனைக்கும் நாய்க்கும் ஒரு காரணமும் இல்லை. ஆரஞ்சுத் தோலும் காப்பிச் சக்கையும் ஓரிரு நாள் வேலை செய்யும், வாசம் போனதும் போய்விடும். மிளகாய்ப்பொடி பாவம். காலில் ஒட்டியதைப் பூனை நக்கும், முகம் துடைக்கும்போது கண்ணில் போகும், காற்றடித்தால் உங்கள் கண்ணிலும்தான். பாச்சை உருண்டை பூனைக்கும் நஞ்சு, மிட்டாய் என்று வாயில் போடும் குழந்தைக்கும் நஞ்சு.

எலி மருந்து சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள். விலங்குக்கு விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், விஷம் தின்று துடித்துச் சாகும் பூனையைப் பார்த்தவர்கள் அதை மறுபடி பேச மாட்டார்கள். சிகிச்சைக்காக என் மேசைக்கு அப்படி வந்தவற்றில் பலவற்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. சாக்கில் கட்டி ஏற்காடு அடிவாரத்தில் விட்டுவருவதும் வேண்டாம். அந்தப் பூனை அங்கே பட்டினி கிடக்கும், காலியான உங்கள் தெருவுக்குச் சில மாதத்தில் வேறு கடுவன் வந்து தூணில் பீய்ச்சும்.

ஏற்காட்டிலிருந்தும் இதே கேள்வி எனக்கு வருகிறது என்பதால் அவர்களுக்கும் ஒரு வரி. ஓட்டின் மேலோ மதில் மேலோ மூடாமல், எல்லோரும் பார்க்கிற இடத்தில் மலம் கிடந்து, அதில் காப்பிக் கொட்டையும் பழ விதையுமாக இருந்தால் அது பூனை இல்லை, மரநாய். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு, பிடிக்கக் கூடாது. கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். பரணில் குட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அது இரை தேடப் போன இரவில், அது நுழைகிற ஓட்டையை அடைத்துவிடுங்கள். குட்டி இருந்தால் பொறுத்திருங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் முதலில் செய்ய வேண்டியது நாளைக் காலையில் கையுறை போட்டு அள்ளுவது. இந்த வாரத்துக்குள் வலையும் உரிமட்டையும் போட்டுவிடுங்கள். மணல் மூலை தயாரானதும் பாத்தியைத் தினம் பார்த்து, எந்த இடத்தில் புதிதாகத் தோண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலைக்கும் செடிக்கும் நடுவே விட்ட இடைவெளியாகத்தான் அது இருக்கும், அங்கே ஒரு கை ஜல்லி போட்டால் அடைபடும். கடுவனைப் பிடிக்கும் நாளை அக்காவோடு பேசி முடிவு செய்யுங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் அதற்குத் தீனி வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள், வெறும் வயிற்றில்தான் மயக்கமருந்து கொடுக்க முடியும்.