மொரீஷியஸ் – ரீயூனியன்: 230 கி.மீ.க்கு ஏன் 45 நிமிடம்?

மொரீஷியஸின் பிளெசான்ஸ் விமான நிலையத்திலிருந்து பக்கத்துத் தீவான ரீயூனியனின் ரோலான் காரோஸ் விமான நிலையம் வரை நேர்த்தூரம் சுமார் 230 கி.மீ.தான். அப்புறம் ஏன் டிக்கெட்டில் முக்கால் மணி நேரம் என்று, காவடித் திருவிழாவுக்காக அங்கே உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்பதுண்டு.

பயண நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் எவ்வளவு குட்டித் தூரத்துக்கும் உண்டு. அரை ஆழாக்கு அரிசி என்றாலும் உலை கொதிக்க வேண்டுமே! அதோடு, இங்கே பெரும்பாலும் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற புரொப்பெல்லர் விமானம். முழு வேகமே மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான். அந்த வேகத்தில் சீராகப் பறப்பதும் கொஞ்ச நேரமே. பழச்சாறு குடித்து முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

ரீயூனியன் பிரான்சைச் சேர்ந்தது என்பதால் அங்கே பாரிஸ் நேரம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு தீவுகளிலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும்.