கேளுங்க, சொல்றோம்: குட்டி பிளேயருக்கு எந்த ஹெட்போன்?

ஏனுங்க, பையனுக்கு ஒரு சின்ன எம்பி3 பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். ஹெட்போனுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ளதான் செலவு பண்ண முடியும். கடையில் ஒருத்தர், பழைய ஸ்டுடியோ ஹெட்போன் ஒன்றை அதே விலைக்குத் தருகிறேன், 250 ஓம், நல்ல சரக்கு என்கிறார். எதை வாங்கட்டும்?
– வாசகி, திருப்பூர்

ஸ்டுடியோ ஹெட்போன் நல்ல சரக்காகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பிளேயருக்கு அது பொருந்தாது. மின்சாரத்துக்கு அது காட்டும் தடை எவ்வளவு என்பதைத்தான் ஓம் கணக்கு சொல்கிறது. குட்டி பிளேயர் வெளியே தள்ளும் மின்னழுத்தம் கொஞ்சம்தான். அரை வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை வோல்ட்டில் 32 ஓம் ஹெட்போனுக்கு சுமார் 8 மில்லிவாட் போகும், 250 ஓமுக்கு 1 மில்லிவாட்தான் போகும். வால்யூமை முழுக்க ஏற்றினாலும் பையன் "சத்தம் பத்தலை" என்றுதான் சொல்வான்.

டப்பாவில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஓம் 16 முதல் 32 வரை இருக்கட்டும். சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) என்று போட்டிருக்கும் இடத்தில், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால் போதும். ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்குப் பதிலாக 1 வோல்ட்டுக்கான டெசிபலைப் போடும். அப்போது எண் பெரிதாகத் தெரியும். 32 ஓம் ஹெட்போன் என்றால் அதில் 15 கழித்துவிட்டு ஒப்பிடுங்கள், 16 ஓம் என்றால் 18 கழியுங்கள். 115 என்று பெரிசாக அச்சடித்த 32 ஓம் ஹெட்போனும் 100 என்று அடக்கமாகப் போட்டதும் ஒரே சரக்காக இருக்கலாம்.

"20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்பது எல்லா டப்பாவிலும் இருக்கும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தமில்லை. டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் வட்டு, எத்தனை மி.மீ. என்பதும் அப்படித்தான். பெரிய டிரைவர் வைத்துக் கொழகொழ என்று ஒலிப்பவை நிறைய உண்டு. அதைவிட, உங்கள் பிளேயரைக் கையோடு கொண்டுபோய், பையனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் பாதி வால்யூமில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பாதியிலேயே போதுமான சத்தம் வந்தால் சரி. பில்லும் வாரண்டி சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

போனுக்குக் கொடுத்த இயர்போனை என் பழைய பிளேயரில் சொருகினால் இசை மட்டும் குகைக்குள் கேட்பதுபோல் வருகிறது, பாடுபவர் குரலே இல்லை. பிளேயர் போய்விட்டதா?
– வாசகர், பொள்ளாச்சி

பிளேயர் நன்றாகத்தான் இருக்கிறது. இயர்போனின் பின்னை உற்றுப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருக்கும். அதாவது நான்கு தொடர்புகள்: நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது இரண்டு காதின் மின்சாரமும் திரும்பும் பொது ஒயர், கடைசி மைக். உங்கள் பழைய பிளேயரின் துளை மூன்று தொடர்புக்காகச் செய்தது. அதன் பொது முனை மைக் பட்டையில் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டு காதுக்கும் பொது ஒயரே இல்லாமல் போகும். அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள், அதனால் அது அடிபட்டுப் போகிறது.

சோதித்துப் பார்க்க வழி எளிது. பாட்டு ஓடும்போது மைக்கில் உள்ள பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்ப வந்தால் காரணம் இதுதான். பின்னை ஒரு மி.மீ. வெளியே இழுத்தாலும் சரியாகும், ஆனால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் மறுபடி போய்விடும். மைக் இல்லாத, இரண்டு வளைய பின் உள்ள இயர்போனே உங்களுக்கு ஏற்றது. அதிலும் இதே கோளாறு என்றால் துளைக்குள் பஞ்சு அடைத்திருக்கும். பிளேயரை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம்.

தறிக்குடோனில் எட்டு மணி நேர ஷிப்ட். தறிச் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்கிற மாதிரி சத்தமான ஹெட்போன் சொல்லுங்கள், அண்ணா.
– வாசகர், சோமனூர்

தம்பி, இதற்கு ஹெட்போன் சொல்ல மாட்டோம். விசைத்தறிக் கூடத்தின் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே அந்த 90தான். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் காதுக்குள் 95, 100 என்று ஏற்ற வேண்டிவரும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89க்கு வாரம் 5 மணி நேரம், 98க்கு நாற்பது நிமிஷம்கூட இல்லை. செத்துப்போன காது நரம்பு திரும்ப முளைக்காது.

தறி ஓடும்போது மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். உருட்டிச் சுருக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் சொருகி, விரியும்வரை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாட்டை வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்தால் தறி நின்றதும் ஆள் கூப்பிட்டதும் தெரியாது, அது வேறு ஆபத்து.

காதுக்குள் வைக்கும் இயர்போனில் பேஸே வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ஈரோடு

பெரும்பாலும் ரப்பர் முனைதான் காரணம். காதுத் துளைக்கும் முனைக்கும் நடுவே சின்ன இடுக்கு இருந்தாலே தாழ்ந்த ஒலி அதன் வழியாக ஓடிவிடும். டப்பாவில் வந்த மூன்று அளவையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்றில்லை. சரியாக உட்கார்ந்தால் வெளிச்சத்தம் சட்டென்று குறையும். வெயில் காலத்தில் வியர்வையில் ரப்பர் வழுக்கும், ஸ்பாஞ்ச் முனை நன்றாகப் பிடிக்கும். ஆனால் சில மாதத்தில் இறுகிவிடும், அதனால் உபரி ஜோடி வாங்கி வையுங்கள்.

இயர்போனின் பின்னுக்குப் பக்கத்தில் ஒயரை ஆட்டினால்தான் ஒரு காதில் சத்தம் வருகிறது. தூக்கிப் போடுவதா?
– வாசகர், கரூர்

வேண்டாம். ஒயர் பின்னில் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் உள்ளே அறுகிறது. பின்னிலிருந்து 3 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். புதுப் பின்னின் மூடியையும் சூட்டில் சுருங்கும் குழாய்த் துண்டையும் முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு ஞாபகம் வந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

உள்ளே மெல்லிய இழைகள் இருக்கும். வழக்கமாகப் பச்சையோ நீலமோ இடது, சிவப்பு வலது, செம்பு நிறம் பொது. அந்த நிறமே எனாமல் பூச்சு, ஈயம் அதில் ஒட்டாது. 25 வாட் சால்டரிங் அயர்னின் (பற்றவைக்கும் கருவி) நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, இழை முனையை அதற்குள் சில வினாடி வையுங்கள். பூச்சு எரிந்து முனை பளபளக்கும். புகையை முகராதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நிறம் மாறியிருக்கலாம் என்பதால் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பொது இழைக்கும் மற்றொன்றுக்கும் தொடுங்கள். எந்தக் காதில் 'டிக்' என்று கேட்கிறதோ அது அந்தக் காதின் இழை. பின்னின் நுனிக்கு இடது, நடுவுக்கு வலது, அடிக்குப் பொது.

அடிக்கடி ஒயர் அறுபவர்கள் அடுத்த முறை கழற்றி மாட்டும் ஒயர் உள்ள இயர்போனாகப் பாருங்கள். 0.75 மி.மீ. இரண்டு முள் வகை இப்போது மலிவு விலையிலேயே வருகிறது. மாற்றும்போது ஒரு பக்கத்து முள்ளை மட்டும் தலைகீழாகச் சொருகினால் பேஸ் காணாமல் போகும். கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

புது ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் பழகும் என்கிறார்களே?
– வாசகர், நாமக்கல்

பழகுவது உங்கள் காது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள்.

எங்க அப்பச்சிக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். இயர்போனில் பாதிப் பாட்டு வருவதில்லை என்கிறார்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

ஸ்டீரியோ பாட்டில் இடது பக்கம் வைத்த வாத்தியம் வலது காதுக்கு வராது. பழைய மோனோ பாட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை. பிளேயரின் அமைப்புகளில் 'மோனோ' இருக்கிறதா என்று பாருங்கள், மலிவு பிளேயர்களில் பெரும்பாலும் இருக்காது. அப்போது கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, இரண்டு தடங்களையும் மோனோவாகக் கலந்து, 96 கேபிபிஎஸ் எம்பி3யாகச் சேமித்து ஏற்றிக் கொடுங்கள். மெமரி கார்டில் இடமும் மிச்சமாகும். காதுக்குள் சொருகுவதைவிட, காது மேல் உட்காரும் ஸ்பாஞ்ச் வகை அவருக்குச் சுலபம்: அவரே மாட்டிக் கழற்றிக்கொள்ளலாம், யாராவது கூப்பிட்டாலும் கேட்கும்.