லோகோ கலர் துணில மேட்ச் ஆகலன்னா
ப்ரோ, போன்ல பாத்த நீலம் துணில வரலன்னு கிளையண்ட் ரெண்டாவது லேப் டிப்பையும் (சாயம் போட்டு காட்டற சாம்பிள் துண்டு) ரிஜெக்ட் பண்ணிட்டாருன்னு எழுதிருக்கீங்க, இதுல டையிங்காரர திட்டி பிரயோஜனமே இல்ல. ஒவ்வொரு ஸ்க்ரீனும் ஒரு நீலம் காட்டும், அதனால பேன்டோன் டிசிஎக்ஸ் புக் (ஒவ்வொரு கலருக்கும் நம்பர் போட்ட கலர் புக்) எடுத்துட்டு கிளையண்ட்கிட்ட நேர்ல போங்க, அது காட்டன் துணிலயே சாயம் போட்ட ஸ்வாட்ச், அவரையே ஒரு நம்பர் தேர்ந்தெடுக்க சொல்லுங்க. அப்பறம் அந்த நம்பருக்கு ஏ, பி, சின்னு லேசா மாறுற மூணு ஷேடு எடுத்து லைட் பாக்ஸ்ல (கலர் பாக்கறதுக்குன்னே இருக்கற விளக்கு பெட்டி) டி65 வெளிச்சத்துல, அதாவது பகல் வெளிச்சம் மாதிரி ஸ்டாண்டர்ட் லைட்ல காட்டி, ஓகே ஆன துண்டுலயே கையெழுத்து வாங்கிருங்க. அவங்க கடை லைட்லயும் கண்டிப்பா பாத்துருங்க, ஒரு வெளிச்சத்துல ஒத்துப்போற நீலம் இன்னொண்ணுல ஊதாவா தெரியும். லோகோ அடில இருக்கற குட்டி எழுத்த எம்பிராய்டரி கேட்டா மட்டும் ஒத்துக்காதீங்க, பிக்கே துணில (போலோ டி-ஷர்ட்டுக்கு போடற மேடுபள்ளமான துணி) நூல் அடைச்சு படிக்கவே முடியாது, அத ப்ரின்ட்டா போட்டு ஒரு சாம்பிள் காட்டுங்க.